விசிறி சுற்றுகிறது, ஊசியும் ஏறுகிறது: 1998 கொரோலா 110 ஒன்றின் சூடேறல் பற்றிய நிகழ்வு ஆய்வு

வாகனம் 1998 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. 1498 சி.சி. கொண்ட 5 ஏ-எஃப்.ஈ. பெற்றோல் என்ஜின், ஓட்டோ கியர். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் இரவு முழுக்க வெளியில் நிற்கும் கார். மீற்றரில் 187,000 கி.மீ. என்று இருக்கிறது. இந்த வயதுக் காரில் மீற்றரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

முதல் முறைப்பாடு மாலை நேரத்துக் காலி வீதியில் (காலி நகருக்குப் போகும் பெருவீதி) தொடங்கியது. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஊர்ந்து போகும்போது, ஏ.சி. போட்டிருந்தால் வெப்பமானி ஊசி முக்கால் வரை ஏறும்; பாதை கொஞ்சம் திறந்து கார் ஓடினால் இறங்கும். அதற்குப் பிறகு மூன்று இடங்களில் கை வைக்கப்பட்டது. முதலிடத்தில் விசிறிக்கு டாஷ்போர்டின் கீழிருந்து ஒரு சுவிச் வழியாக 'டைரெக்ட்' கொடுத்தார்கள். இரண்டாமிடத்தில் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்து, குழாய்த் தண்ணீர் நிரப்பினார்கள். மூன்றாமிடத்தில் ரேடியேற்றர் மூடியை மாற்றினார்கள். நெரிசலில் ஏறுவது ஓரளவு குறைந்தது. ஆனால் விமான நிலையத்துக்குப் போன ஒரு நாள், கட்டுநாயக்க அதிவேக வீதியில் 90 கி.மீ. வேகத்தில் ஊசி சிவப்பைத் தொட்டது. ரிசேர்வ் போத்தல் கொதித்து வழிந்தது. அடுத்த கராஜில் மூடியைத் திறந்து என்ஜினை ஓடவிட்டபோது கழுத்தில் குமிழி வந்தது. "ஹெட் கேஸ்கட் போயிட்டுது, ஹெட்டைக் கழற்ற வேணும்" என்பதுதான் அங்கே கிடைத்த தீர்ப்பு. ஹெட் என்பது என்ஜினின் மேற்பாகம்; அதற்கும் கீழே உள்ள பிளொக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட்.

ஹெட் கழற்றப்படவில்லை. கழற்றத் தேவையும் இருக்கவில்லை.

எப்போது ஏறுகிறது?

பழைய காரின் சூட்டைப் பார்க்க வெளிக்கிடும்போது ஸ்பனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் குறை காற்றில்: விசிறி, அதன் மின்சாரம், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் அடைந்த குப்பை. நிற்கும்போது சரியாக இருந்து வேகத்தில் ஏறினால் குறை தண்ணீரின் ஓட்டத்தில்: அடைத்த ரேடியேற்றர், தேய்ந்த பம்ப், உறிஞ்சலில் ஒட்டிப்போகும் கீழ்க்குழாய். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல்க்குழாய் கல் மாதிரி இறுகினால், அப்போது ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். என்ன செய்தாலும் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் எங்கோ குறைகிறது, அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

இந்தக் காரின் சிக்கல் என்னவென்றால் இரண்டு விதமாகவும் ஏறியது. முதலில் நின்றால் ஏறியது, பிறகு ஓடினாலும் ஏறியது. ஒரே காரணத்தைத் தேடியவர்களுக்கு ஹெட் கேஸ்கட் மட்டும்தான் இரண்டையும் விளக்குவதாகப் பட்டது. உண்மையில் அங்கே ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு குறைகள் இருந்தன. மூன்றாவதாக ஒரு குறையைப் புது மூடி கொண்டுவந்து சேர்த்திருந்தது.

குளிர்ந்த நிலையில் பார்த்தவை

சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் மறப்பதும் எல்லோரும்தான். கார் இரவு முழுக்க ஆறிய பிறகே வேலை தொடங்கியது. ரேடியேற்றரில் தண்ணீர் கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே. நிறம் தேயிலைச் சாயம். விரலை விட்டுப் பார்த்தால் மூடி உட்காரும் விளிம்பின் அடியில் துருச் சேறு. எண்ணெய்ப் படலம் இல்லை. என்ஜின் ஒயில் மூடியின் உட்பக்கம் சுத்தம். கியர் ஒயில் சிவப்பாகவே இருந்தது. ஓட்டோ கியர் காரில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள் ஓடுகிறது. அது உள்ளே வெடித்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்து இளஞ்சிவப்புப் பால் போலாகிவிடும், கியர்பெட்டியும் போய்விடும்.

பெல்ட் இறுக்கம் சரி. இந்த என்ஜினில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட் அல்ல, வெளியே தெரியும் பெல்ட்தான். ஆகவே வழுக்கினால் கண்ணுக்கே தெரியும். என்ஜினை நிமிடத்துக்கு 3000 சுற்றில் பிடித்துக் கீழ்க்குழாயைப் பார்த்தபோது ஒட்டவில்லை. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் என்ஜின் சூடாகும் என்பதால் அதுவும் பார்க்கப்பட்டது: டயக்னோஸ்டிக் பெட்டியில் ரி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளையும் இணைத்து டைமிங் லைட் பிடித்தால் 10 பாகை முன்னே காட்ட வேண்டும், காட்டியது.

அழுத்தச் சோதனைக்குக் கைப்பம்பை ரேடியேற்றர் கழுத்தில் பொருத்தி, சதுர சென்றிமீற்றருக்கு 1.2 கிலோ வரை ஏற்றி 20 நிமிடம் விடப்பட்டது. ஊசி இறங்கவில்லை. வெளிக்கசிவு இல்லை என்பதற்கு அது போதும். உட்கசிவுக்கு இன்னொரு படி: அதே அழுத்தத்தில் விட்டபடி நான்கு பிளக்கையும் கழற்றி, என்ஜினைச் சில வினாடி சுற்றிப் பார்த்தால் எந்தத் துளையிலிருந்தும் ஈரம் தெறிக்கக் கூடாது. தெறிக்கவில்லை.

மூடியை அதே பம்பில் மாட்டினால் கதை வேறு. இந்தக் காருக்கான மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும்; 0.75 இலிருந்து 1.05 வரைக்குள் திறந்தால் சரி, 0.6 இற்குக் கீழ் வந்தால் எறிய வேண்டும். புதிதாகப் போட்ட மூடி 0.3 இலேயே விட்டுவிட்டது. கழுத்தில் அழகாகப் பூட்டுகிறது, ஆனால் அதன் ஸ்பிரிங் தட்டு உள்ளே இருக்கும் விளிம்பில் போதிய அழுத்தத்துடன் உட்காரவில்லை. மூடிகளில் சின்னக் கழுத்து, பெரிய கழுத்து, ஆழம் கூடியது, குறைந்தது என்று பல உண்டு. கையால் பூட்டிப் பார்த்து வாங்கினால் இப்படித்தான். 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 0.3 என்றால் 107 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். அதிவேக வீதியில் ரிசேர்வ் போத்தல் பொங்கியதற்கு இதில் பெரும் பங்கு. பொங்கி வெளியே போன தண்ணீரை, ஆறும்போது திரும்ப உறிஞ்சும் சின்ன வால்வும் அந்த மூடியில் வேலை செய்யவில்லை. காலையில் தண்ணீர் குறைந்திருந்ததன் மர்மம் அவ்வளவுதான்.

ஹெட் கேஸ்கட் என்ற தீர்ப்பைச் சோதித்தல்

கழுத்தில் குமிழி வந்தால் கேஸ்கட் போய்விட்டது என்ற நம்பிக்கை கொழும்பில் எந்தக் கராஜிலும் கேட்கலாம். குமிழி சிலிண்டரிலிருந்து வரும் எரிந்த வாயுவாகவும் இருக்கலாம். தண்ணீரைக் கொட்டி நிரப்பும்போது ஹெட்டிலும் ஹீற்றர் குழாயிலும் சிக்கிய காற்றாகவும் இருக்கலாம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று நீலத் திரவம் இருக்கிறது: ரேடியேற்றர் கழுத்தில் வைக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் ஊற்றி, கழுத்துக் காற்றை அதன் வழியாக உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். தண்ணீரை ஐந்து சென்றிமீற்றர் அளவுக்கு இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும்; குளிர்நீர் குழாய்க்குள் ஏறினால் திரவம் கெட்டுச் சோதனை பிழைக்கும். என்ஜினைச் சூடாக்கி, 2500 சுற்றில் வைத்து ஐந்து நிமிடம். நீலம் நீலமாகவே இருந்தது.

கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், சதுர சென்றிமீற்றருக்கு இத்தனை கிலோ என்று) முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 12.4, 12.2, 12.5, 12.3. இந்த என்ஜினுக்குப் புதிதில் 13.5, குறைந்தபட்சம் 10, சிலிண்டர்களுக்கிடையில் வித்தியாசம் 1 இற்கு மேல் போகக் கூடாது. வயதுக்கு நல்ல எண்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்திருந்தால் சந்தேகிக்கலாம்; அப்படி எதுவும் இல்லை.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு காலை நேரம் போதும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் செட், லேத்தில் முகம் வெட்டு, டைமிங் பெல்ட் என்று போய், கடைசியில் அதே அடைத்த ரேடியேற்றருடன் கார் வெளியே வரும். அடுத்த சூட்டில் புதுக் கேஸ்கட் உண்மையாகவே போகும். பிறகு "அப்பவே சொன்னனே" என்பதற்கு ஆதாரமும் கிடைத்துவிடும்.

விசிறியின் வோல்ட்

டைரெக்ட் கொடுத்த விசிறி சுவிச்சைப் போட்டதும் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லோரும் அதோடு விசிறியை விட்டுவிட்டார்கள். சுற்றுகிறது என்பதும் போதிய காற்றை இழுக்கிறது என்பதும் வேறு வேறு. அளந்தால்தான் தெரியும், அளப்பதற்கு ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும்.

என்ஜின் ஓடும்போது பற்றரியில் 13.9 வோல்ட். விசிறி ஓடிக்கொண்டிருக்கையில் அதன் சொக்கெட்டின் இரு முனைக்கும் இடையில் 9.6. காணாமல் போன 4.3 வோல்ட் எங்கே என்று தேட இரண்டு அளவு. பற்றரிப் பிளஸ்ஸிலிருந்து விசிறிப் பிளஸ்ஸுக்கு 1.1: டாஷ்போர்டு வரை போய்த் திரும்பிய மெல்லிய வயரும் மலிவுச் சுவிச்சும் தின்றது. விசிறி மைனஸ்ஸிலிருந்து பற்றரி மைனஸ்ஸுக்கு 3.2. அங்கேதான் முதல் நோய். முன் விளக்குக்குப் பின்னால் எர்த் வயரை உடலில் பூட்டும் ஆணியடியில், வெளியே பெயின்ற் நன்றாக இருக்க, உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடல் உப்புக் காற்றில் நிற்கும் காரில் இது அதிசயமில்லை. ஒரு பக்கத்துக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதே நடைமுறைக் கணக்கு.

வோல்ட் 9.6 ஆனால் விசிறியின் வேகமும் காற்றும் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். ஏ.சி. கண்டென்சரின் சூட்டையும் அந்தக் காற்றே சுமக்க வேண்டும். காலி வீதியில் ஏறியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். டைரெக்ட் கொடுத்தபோதும் மின்சாரம் திரும்பும் வழி அதே அழுகிய எர்த்தாக இருந்ததால், அது நோயை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை.

டைரெக்ட் கொடுக்க நேர்ந்ததே ஒரு தவறான சோதனையால். பல கார்களில் ரேடியேற்றர் விசிறிச் சுவிச் குளிரில் திறந்திருக்கும் (மின்சாரம் போகாது), சூட்டில் மூடும் (மின்சாரம் போகும்). அதன் வயரை எர்த்தில் தட்டினால் விசிறி ஓட வேண்டும். அந்தக் காலத்து கொரோலாக்களில் அது தலைகீழ். குளிரில் சுவிச் மூடியிருந்து ரிலேயை (விசிறிக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் காந்தச் சுவிச்) இழுத்து வைக்கும், விசிறி நிற்கும். 93 பாகையளவில் சுவிச் திறக்கும், ரிலே விடும், விசிறி ஓடும். வயர் அறுந்தாலும் விசிறி ஓடத்தான் செய்யும். என்ஜினைக் காப்பாற்றுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் காரில் சோதிக்கும் முறை, இக்னிஷனைப் போட்டுச் சுவிச்சின் சொக்கெட்டைக் கழற்றுவது: விசிறி ஓடினால் ரிலேயும் வயரும் நல்லவை. கழற்றிய வயரை எர்த்தில் தட்டினால் நிற்க வேண்டும். மற்றக் கார்ப் பழக்கத்தில் எர்த்தில் தட்டிப் பார்த்தவருக்கு, சரியாக வேலை செய்த ரிலே செத்ததாகத் தெரிந்திருக்கிறது.

டைரெக்ட் வயர், ஃபியூஸ் எதுவுமில்லாமல் பற்றரியிலிருந்து நேரே போயிருந்தது. அது தேய்ந்து உடலில் பட்டால் சூடேறுவது என்ஜினாக இருக்காது. முழுவதும் உருவி எடுக்கப்பட்டு, பழைய ரிலேக்கே வயர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சுவிச்சைக் கழற்றிச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியுடன் போட்டுப் பார்த்ததில் 93 இல் திறந்து, 83 இற்கு இறங்கும்போது மூடியது; அதையே திரும்பப் போட்டாயிற்று. எர்த் ஆணியடி வெறும் இரும்பு தெரியுமட்டும் உரசி, புது வளைய லக் அழுத்தி, பூட்டிய பின் மேலே கிரீஸ் பூசப்பட்டது. விசிறிச் சொக்கெட்டில் இப்போது 13.3 வோல்ட். சத்தமே வேறு, பக்கத்தில் நிற்பவருக்குக் காற்று முகத்தில் அடிக்கிறது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுத்தான் அளக்க வேண்டும்

தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜினில் எந்த வெப்ப அளவும் பொருள் தராது. அதைக் கழற்றினால் சூடு குறையும் என்ற எண்ணம் நம்மூரில் நன்றாக வேரூன்றிவிட்டது. பைபாஸ் வழியை மூடும் இரண்டாவது தட்டுள்ள தெர்மோஸ்டாட்டாக இருந்தால், அதைக் கழற்றும்போது தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே என்ஜினைச் சுற்றிவரும், குளிர்விப்பு குறையும். அந்தத் தட்டு இல்லாத வகையிலும் ஒரு நன்மையும் கிடையாது. என்ஜின் சூடேற நேரமெடுக்கும், அதுவரை கொம்பியூட்டர் குளிர் என்ஜின் என்று நினைத்து அதிக பெற்றோல் தெளிக்கும்.

82 பாகை என்று பொறித்த புதியது ஒன்று, போடுவதற்கு முன் பாத்திரத்தில் சோதிக்கப்பட்டது. 80 இற்கும் 84 இற்கும் இடையில் திறக்கத் தொடங்கி, 95 இல் குறைந்தது 8 மில்லிமீற்றர் எழும்ப வேண்டும். புதியது தானே என்று சோதிக்காமல் போடுவது, அந்த மூடியை வாங்கிய அதே பிழை. காற்றுப் போகும் சின்ன ஊசி மேலே இருக்கும்படி வைத்துப் பூட்ட வேண்டும்.

இப்போது கார் ஏ.சி. போட்டபடி நின்ற இடத்தில் அரை மணிநேரம் ஓடியது. ஊசி நடுவுக்கு மேல் போகவில்லை, விசிறி ஓடி ஓடி நின்றது. முதல் முறைப்பாடு தீர்ந்தது. அதிவேக வீதிக்கு இது எதுவும் உதவாது. 90 கி.மீ. வேகத்தில் முன்னாலிருந்து அடிக்கும் காற்றே போதும். விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ரேடியேற்றர்

அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேற்றரை அளப்பவர்கள் பலர் ஏமாறுவது அலுமினியத்தின் பளபளப்பில். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்குமிடங்களில் கறுப்பு இன்சுலேஷன் ரேப் துண்டு ஒட்டி, அதன் மேல் குறிவைக்க வேண்டும். 2500 சுற்றில் பத்து நிமிடம் பிடித்த பின் மேல்க்குழாய் 101, கீழ்க்குழாய் 79. 22 பாகை இறக்கம்.

இதைப் பார்த்து ரேடியேற்றர் அருமையாகக் குளிர்விக்கிறது என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. சாதாரணமாக ஆறேழிலிருந்து பன்னிரண்டு பாகை வரை இறங்கினால் போதும். மேலே சூடாக இருக்க, கீழே இவ்வளவு குளிர்ந்திருந்தால் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்றே பொருள். போகும் கொஞ்சம் நன்றாகக் குளிர்கிறது, மீதிச் சூடு என்ஜினிலேயே தங்குகிறது. எதிர்மாறாக மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே சூடாக இருந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது செதில்கள் குழாயிலிருந்து விட்டுப் போயிருக்கின்றன. முகத்தில் குறுக்கே அளந்துகொண்டு போனபோது இடப்பக்கம் மூன்றிலொரு பங்கு, நெடுக்குப் பட்டைகளாகக் குளிர்ந்திருந்தது. இந்த ரேடியேற்றரில் தொட்டி மேலும் கீழும், குழாய்கள் நெடுக்கில். ஆகவே நெடுக்குப் பட்டை என்றால் அடைத்த குழாய்.

கழற்றி, கீழ் வாயைக் கையால் பொத்தி, மேலே நிரப்பிக் கையை எடுத்தால் நல்ல ரேடியேற்றர் வாய் நிறையக் கொட்டித் தீர்க்கும். இதில் விரலளவு தாரை, கூடவே செம்மண் குழம்பு. குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிய காலத்தில் வார்ப்பிரும்பு பிளொக்கிலிருந்து கரைந்த துரு அது. வெளிப்பக்கம் கீழ்ச் செதில்களை நகத்தால் தொட்டால் தூளாக உதிர்ந்தன.

'றொட்' அடித்து, அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுத்து, தருவதாகச் சொல்வார்கள். பித்தளைத் தொட்டி இளக்கிக் கழற்றக்கூடிய பழைய செப்பு ரேடியேற்றருக்கு அது நல்ல வேலை. அலுமினியக் குழாயும் மடித்துப் பூட்டிய பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளதில் கம்பி விட்டால் குழாய் கிழியும். புதியதே போட வேண்டும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்றைத் தெரிவதானால் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்துகொள்வது நல்லது. ஓட்டோ காருக்கு வாங்கும்போது கீழ்த் தொட்டியில் கியர் ஒயில் குழாய்க்கான இரண்டு முனையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைக்கியர் ரேடியேற்றர் அதே அளவில், அதே பூட்டுடன் வரும், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கழுவலும் நிரப்பலும்

புது ரேடியேற்றரைப் பூட்டுவதற்கு முன் பிளொக் கழுவப்பட்டது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, தண்ணீரை வழமையான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் தெளிவாக வருமட்டும் விட வேண்டும். பிளொக்கின் வடிகால் திருகையும் திறக்காவிட்டால் பழைய துருத்தண்ணீரில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். கோஸ்டிக் சோடா போட்டுக் கழுவுபவர்களும் இருக்கிறார்கள். ஹெட் அலுமினியம், அது அரித்துவிடும்.

கொள்ளளவு ஐந்தரை லீற்றர் அளவு. இரண்டரை லீற்றர் செறிவான எத்திலீன் கிளைக்கோல் கூலண்டும் மூன்று லீற்றர் டிஸ்டில்ட் வோட்டரும் கலந்து ஊற்றப்பட்டது. கொழும்பில் தண்ணீர் உறையாதே, எதற்குக் கூலண்ட் என்ற கேள்விக்குப் பதில் அந்தச் செம்மண் குழம்பு: துருத் தடுப்பு மருந்துக்காகவே இது, பம்பின் சீலும் நீடிக்கும். கலந்தே விற்கும் போத்தலாக இருந்தால் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் கலக்காமலிருப்பதே புத்தி. பற்றரிக் கடையில் டிஸ்டில்ட் வோட்டர் வாங்குபவர்கள், அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாமல் எழுத்தைப் பார்த்து வாங்கவும்.

முன் சக்கரம் சற்று உயர நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக நிரப்பி, இரண்டு குழாயையும் பிசைந்து காற்றை எடுக்க வேண்டும். விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை மூடியில்லாமல் ஓடவிட்டதில், முதல் பத்து நிமிடம் குமிழி வந்து பிறகு நின்றுவிட்டது. ஹெட்டுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே குமிழி. பிறகு 0.9 மூடி, அதுவும் பம்பில் ஏற்றி 0.92 இல் திறப்பதைப் பார்த்துவிட்டு. ரிசேர்வ் போத்தல் மேல் கோடு வரை.

வீதியில்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை, ஏ.சி. முழு அளவில்: மேல்க்குழாய் 88 இற்கும் 95 இற்கும் இடையில் ஏறி இறங்கியது, ஊசி அசையவில்லை. மறுநாள் பேலியகொடையில் அதிவேக வீதியில் ஏறி, 100 கி.மீ. வேகத்தில் கட்டுநாயக்க வரை: இறங்கியவுடன் மேல்க்குழாய் 91, கீழ்க்குழாய் 82. ஒன்பது பாகை. மூன்று காலைகள் தொடர்ந்து பார்த்ததில் ரிசேர்வ் மட்டம் மாறவில்லை.

தண்ணீர்ப் பம்பின் கசிவுத் துளையடியில் காய்ந்த பழுப்புத் தடம் ஒன்று இருக்கிறது. ஈரமில்லை, தண்டிலும் ஆட்டமில்லை என்பதால் இப்போதைக்கு விடப்பட்டது. தடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கியிருப்பதால், புதுக் கூலண்டின் சிவப்பு அங்கே தெரிந்தால் அன்றே பம்பை மாற்ற வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த டைமிங் பெல்ட்டோடு சேர்த்து மாற்றலாம்.